பழைய பிக்கப் வண்டியும் நம் கைகளும்



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம் மதரஸாவில் ஓதி முடித்த பிள்ளை ஒருவனின் தந்தை வந்து அருகில் உட்கார்ந்தார். இருபது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். "ஹஜ்ரத், மகன் கல்லூரி முடித்துவிட்டு வெல்டிங் பட்டறையே கதியென்று கிடக்கிறான். பழைய பிக்கப் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறான். கையெல்லாம் கிரீஸ். நம் குடும்பத்துப் பிள்ளை செய்கிற வேலையா இது? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார்.

அன்று அவருக்கு நாம் சொன்னது பாதிப் பதில்தான். மீதிப் பாதியில் நம்முடைய குற்றமொன்று அடங்கியிருந்ததால், திண்ணையில் பத்துப் பேர் நடுவே அதைச் சொல்ல நா எழவில்லை. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறோம்.

தாவூத் (அலை) அவர்கள் ஆட்சி அதிகாரம் பெற்றிருந்தும் தம் கை உழைப்பிலேயே உண்டவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதையும், ஆடையின் கிழிசலைத் தாமே சரிசெய்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை ஜும்ஆ பயானில் கேட்டு நெகிழ்கிறோம். நெகிழ்ந்து வீட்டுக்கு வந்தால் குழாயில் வாஷர் தேய்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. பிளம்பருக்கு அழைப்பு விடுக்கிறோம். அவர் வர நான்கு நாள் ஆகுமென்றால் நான்கு நாளும் சொட்ட விடுகிறோம். உளூச் செய்யும்போதும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று பாடம் நடத்தும் நம் வீட்டிலும் இது நடந்ததுண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்மூர்ச் சபுராளிகளைப் பார்க்கும்போது இன்னொன்றும் தோன்றும். அங்கே ஃபிட்டராகவும் வெல்டராகவும் லாரி ஓட்டுநராகவும் ஐம்பது டிகிரி வெயிலில் நின்று சம்பாதித்தவர்கள், ஊருக்கு வந்ததும் தம் கையிலிருந்த தொழிலை ஒரு பழைய சட்டையைப் போல் மறைத்து வைக்கிறார்கள். நம்மிடம் முறையிட்ட அந்தச் சகோதரரே அங்கு ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர்தான். அதைச் சற்றே நினைவூட்டினோம். அவர் கோபப்படவில்லை. "அதனால்தான் ஹஜ்ரத், அவனுக்கு இது வேண்டாம் என்கிறேன்" என்றார். அந்தப் பதிலில் இருபது ஆண்டுத் தனிமை இருந்தது. அதற்கு மேல் வாதிட நமக்கு மனம் வரவில்லை. எனினும் அவர் கருத்தை ஏற்கவும் இயலவில்லை. ஏன் என்பதற்கு ஒரு பழைய வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்கு அருகில் உள்ளது. தென்னையே வாழ்வு. சாச்சாவிடம், மூன்று கை மாறி வந்த ஒரு பழைய பிக்கப் இருந்தது. தேங்காய் ஏற்றுவதற்கென்று வாங்கியது. உப்புக் காற்றும் ஈர மட்டையும் சேர்ந்து அதன் பின்தளத்தை அரித்திருந்தன. ஓட்டை வழியே சாலை தெரியும். பட்டறைக்காரர் கேட்ட தொகை வண்டியின் விலையில் பாதி. ஆகவே நாமும் சாச்சாவும் சாச்சா மகனும் சேர்ந்து நாமே செய்வதென்று இறங்கினோம். துருப்பிடித்த தகட்டை கிரைண்டிங் மெஷினால் வெட்டி எடுத்து, அடியிலிருந்த குறுக்குச் சட்டங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை பூசி, புதுத் தகடு போட்டோம். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும் என்பதும், டீசல் டேங்கின் பக்கத்தில் தீப்பொறி போகவே கூடாது என்பதும், சேஸின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போட்டால் அதன் வலிமை அங்கேதான் முறியும் என்பதும் அப்போது கற்றவை. ஒரு மாத வெள்ளிக்கிழமைகளும் சனிக்கிழமைகளும் அதில் கழிந்தன. கிதாபுகளில் எழுத்தெண்ணிப் படித்த நமக்கு, ஒரு தகட்டை நேர்கோட்டில் வெட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது புதிய பாடமாக இருந்தது.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டாவில் வாழும் எவருக்கும் அதை விவரிக்கத் தேவையில்லை. விடிந்தபோது நம் தோப்பில் வானம் தெரிந்தது. அதற்கு முன் அங்கே வானம் தெரிந்ததில்லை. நெட்டைத் தென்னை ஒன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தவர்கள், விழுந்த மரங்களை எண்ணாமல் ஆண்டுகளை எண்ணினார்கள்.

மரத்தைவிட அவசரமானது தண்ணீர். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருந்தும் மோட்டார் ஓடாததால் மேல்தொட்டிகள் காய்ந்தன. மூன்றாம் நாள் சாச்சா ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வந்தார். அதை நாம் போட்ட அந்தப் பின்தளத்தின் மேல், அடியில் ரப்பர்த் துண்டுகள் வைத்து, நான்கு போல்ட்டுகளால் இறுக்கினோம். ஊரில் பலர் சிறிய ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து ஏமாந்திருந்தார்கள். நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைக் காட்டிலும் கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு எடுக்கும். அதைத் தாங்காமல் சிறிய இயந்திரங்கள் மூச்சடங்கிப் போயின. சாச்சா மகன் இதை முன்பே அறிந்திருந்ததால் பெரியதாகக் கேட்டு வாங்கியிருந்தான். மின்சாரம் மீளும் வரை, ஃபஜ்ருக்குப் பின் தொடங்கி இஷா வரை அந்த வண்டி தெருத் தெருவாகப் போய்த் தொட்டிகளை நிரப்பியது. நம் தெரு, மேலத்தெரு, மாரியம்மன் கோயில் தெரு என்று வேறுபாடு பார்க்கவில்லை. தாகத்திற்கு முகல்லா ஏது?

அந்நாள்களில் சாச்சா ஒன்றில் மிகக் கண்டிப்பாக இருந்தார். எந்த வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டாரின் வயரை வீட்டு இணைப்பிலிருந்து கழற்றிய பிறகே ஜெனரேட்டரை இணைப்பார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நேரமாகிறது, அப்படியே கொடுங்கள்" என்று வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் அசையவில்லை. கழற்றாமல் இணைத்தால் நம் ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டு வயர் வழியாக வெளிக்கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பினால் உயர் அழுத்தமாகவே ஏறும். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கம்பங்களில் ஏறி உழைத்துக்கொண்டிருந்த லைன்மேன்கள், மின்சாரம் இல்லாத கம்பி என்று நம்பித்தான் அதைத் தொடுவார்கள். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் நபிமொழியை ஆண்டுதோறும் நாம் பாடமாக நடத்தியிருக்கிறோம். பள்ளிக்கூடமே போகாத சாச்சாவின் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவராக அதை அன்று கண்டோம்.

திண்ணையில் அந்தச் சகோதரருக்குச் சொன்னது இதுவரைதான். கைவேலை இழிவன்று, மகனைத் தடுக்காதீர்கள் என்று முடித்துக்கொண்டோம். இனி மீதிப் பாதி.

புயலுக்குப் பின் அந்த வண்டியின்மீது நமக்கு ஒரு பெருமிதம் வந்துவிட்டது. எதையும் நாமே செய்துகொள்ளலாம் என்ற துணிவு கையில் ஏறிவிட்டது. விழுந்த மரங்களை அறுத்து ஏற்றியபோது வண்டியின் பின்புறம் மிகவும் தாழ்ந்தது. யாரையும் கேட்காமல், பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஸ்பிரிங் பட்டைகளைப் பின்சக்கரங்களுக்குப் பக்கத்திற்கு இரண்டாகக் கூடுதலாக ஏற்றினோம். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்க அழகாகவும் இருந்தது. அடுத்து, மதரஸாப் பிள்ளைகளைப் பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குக் கிராஅத் போட்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வேன் வாடகை மிச்சமாகுமே என்று இரும்புக் குழாயில் இரண்டு பெஞ்சுகள் செய்து பின்தளத்தில் வெல்டிங் வைத்தோம். மேலே தார்ப்பாய்க் கூடு. அதில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றினோம். ஏற்றியது நாம். முன்னிருக்கையில் அமர்ந்து ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு போனவரும் நாமே.

திரும்பி வரும் வழியில், ஒரு வளைவில், முன்னே போன டிராக்டர் திடீரென நின்றது. சாச்சா மகன் பிரேக்கை அழுத்தினான். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. டிராக்டரில் மோதாதிருக்க அவன் இடப்புறம் ஒடித்தான். சாலையை விட்டு இறங்கி நடவு வயலின் சேற்றில் புதைந்து நின்றது. சேறு இருந்ததால் கவிழவில்லை. ஒரு பிள்ளைக்கு முன்பற்கள் இரண்டு போயின. இன்னொரு பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவனுக்கு வயது பதினொன்று. அன்று போட்டியில் சூரத்துர் ரஹ்மான் ஓதிப் பரிசு வாங்கியவன். பரிசாகக் கிடைத்த கிண்ணத்தை மற்ற கையில் பிடித்துக்கொண்டு அழாமல் நின்றான்.

பெற்றோர் யாரும் நம்மை ஒரு சொல் சொல்லவில்லை. "அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத், இத்தோடு போயிற்றே" என்றார்கள். நாமும் அதையே சொன்னோம். சொல்லிச் சில நாள் அதற்குள் ஒளிந்தும் கொண்டோம். ஆனால் கத்ரின்மீது ஈமான் கொள்வது வேறு, நம் அலட்சியத்தை அதன் கணக்கில் எழுதுவது வேறு என்பதைப் பிறருக்குப் போதிக்கிறவர்கள் நாம்.

வண்டியை மீட்டுக் கொண்டுபோன பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, நம்மையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பல பிக்கப் வண்டிகளில், பின் அச்சையும் சேஸிலுள்ள ஒரு வால்வையும் இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. பாரம் ஏற ஏற வண்டியின் பின்புறம் தாழும். தாழ்வதைக் கம்பி வால்வுக்குத் தெரிவிக்கும். வால்வு அதற்கேற்பப் பின்சக்கரங்களின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியில் பின்பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்துச் சக்கரம் வழுக்கிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நாம் பட்டை ஏற்றி நிமிர்த்திய வண்டி பாரத்தில் தாழவேயில்லை. ஆகவே வால்வு, வண்டி காலியாகப் போகிறது என்றே எண்ணிக்கொண்டது. பதினான்கு பிள்ளைகள் அமர்ந்திருக்க, பின்பிரேக்குக்குக் காலி வண்டிக்கான அழுத்தமே போயிற்று. "பட்டை போட்டது தப்பில்லைங்க அஜரத். எதுக்கு எது கட்டியிருக்குன்னு தெரியாம போட்டதுதான் தப்பு" என்றார் அவர்.

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசத்தின் வளையங்களைச் சரியான அளவோடு அமைக்கும்படியும் சேர்த்தே கட்டளையிட்டதாக ஸூரத்து ஸபஃவில் வருகிறது. அந்த வசனத்தை எத்தனையோ முறை ஓதிக் கடந்திருக்கிறோம். இரும்பை வளைக்கும் ஆற்றல் அருளப்பட்டவருக்கே அளவும் சேர்த்துக் கட்டளையிடப்பட்டிருக்க, யூடியூபில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கும் நாம் எம்மாத்திரம்? மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் உண்டு. நம் ஃபிக்ஹில் ளமான் என்று அழைக்கப்படும் அந்தப் பொறுப்பு, நல்லெண்ணத்தால் நீங்கிவிடுவதில்லை. இதை உணர்ந்த பின் அந்த இரு பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனோம். சிகிச்சைச் செலவை ஏற்றோம். தவறு நம்முடையது என்று பிள்ளைகளிடமே சொன்னோம். பெரியவர்களிடம் சொல்வதைவிட அது கடினமாக இருந்தது.

நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அவ்வாறான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவற்றைவிட நம் குடும்பங்கள் அறிய வேண்டியது காப்பீடு பற்றியது. சரக்கு வண்டியின் பின்தளத்தில் பயணிகளாக ஏற்றிச் செல்லப்படும் ஆள்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாகப் பொறுப்பாகாது. இறையருளால் நமக்குப் பற்களோடும் மணிக்கட்டோடும் போயிற்று. ஓர் உயிர் போயிருந்தால் அந்த இழப்பீடு சாச்சாவின் தோப்பை விற்றாலும் தீர்ந்திராது. தீர்ந்தாலும் அந்தப் பிள்ளை வரப்போவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கிராமத்தில் பேருந்து நாளுக்கு இரண்டு முறை வருகிறது. நிக்காஹ் என்றாலும் மையித் என்றாலும் குட்டி யானையிலும் பிக்கப்பிலும் ஏறித்தானே போகிறோம், வேறு வழி என்ன என்று கேட்பார்கள். வறுமையால் ஏறுகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. ஆனால் பிள்ளைகளை அப்படி ஏற்றியபோது நமக்கு வழியில்லாமல் இல்லை. சிக்கனம் என்ற பெயரில் ஒரு வேன் வாடகையை மிச்சம் பிடித்தோம், அவ்வளவே. பள்ளிவாசலுக்கு அலங்கார விளக்கு வாங்க ஒரே ஜும்ஆவில் வசூலாகும் பணத்தில் ஓர் ஆண்டுக்கான வேன் வாடகையைக் கொடுத்துவிடலாம். இதை நம் ஜமாஅத்தில் சொல்லிவிட்டோம், இன்னும் முடிவாகவில்லை.

இத்தனைக்குப் பிறகு, வண்டியைத் தொடாதே, எல்லாவற்றையும் பட்டறையில் விடு என்று சொல்லவா போகிறோம்? இல்லை. கைவேலையைக் கைவிட்டால் அடுத்த புயலில் நம் தெரு மீண்டும் பிறர் ஜெனரேட்டருக்காகக் காத்து நிற்கும். பின்தளத்தின் துருவை நீக்கு, தகடு மாற்று, வர்ணம் பூசு, எண்ணெய் மாற்று, தார்ப்பாய்க்குக் கொக்கி வை. தவறினால் உன் பணமும் உன் வெள்ளிக்கிழமையும் போகும், அவ்வளவுதான். பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங், சேஸ் ஆகியவை அப்படியல்ல. அவற்றில் நீ செய்யும் பிழையின் விலையை, உன்னை அறியாத ஒருவர் சாலையில் கொடுப்பார். அங்கே அறிந்தவரிடம் போய் நின்று, குனிந்து பார்த்துக் கற்க வேண்டும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டச் சொல்வதைத் தொல்லை என்று நினைத்து இடைத்தரகரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். வண்டியை நேராகக் கொண்டுபோய், எதைச் சோதிக்கிறார்கள் என்று நின்று பார்த்தால், அதுவே ஒரு பாடம்.

நம் மதரஸாவில் இப்போது சனிக்கிழமை அஸருக்கு முன் ஒரு மணி நேரம் கைவேலைக்கென்று ஒதுக்கியுள்ளோம். பெண்பிள்ளைகளையும் சேர்த்ததற்கு ஓரிருவர் முகம் சுளித்தார்கள். ஆண்கள் சபரில் இருக்கும் வீடுகளில் நள்ளிரவில் ஃபியூஸ் போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டோம். இப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஃபியூஸ் கட்டையைத் தொடுகிறார்கள். குழாய் வாஷர் மாற்றுவதில் பையன்களை முந்திவிட்டார்கள்.

ஷவ்வாலில் அந்தச் சகோதரரின் மகனுடைய பட்டறைக்குப் போனோம். பிக்கப்பின் பின்தளத்தை வெகு நேர்த்தியாகச் செய்திருந்தான். நம் வேலையைவிடப் பத்து மடங்கு நேர்த்தி. குனிந்து அடியில் பார்த்தோம். அந்தக் கம்பி கழற்றப்பட்டு, ஒரு பிளாஸ்டிக் கயிற்றால் சேஸோடு கட்டி விடப்பட்டிருந்தது. முன்னர் வைத்திருந்தவர் யாரோ செய்த வேலை. இது எதற்கென்று தெரியுமா என்று கேட்டோம், தெரியவில்லை என்றான். அவன் தந்தையும் அப்போது அங்கே வந்து நின்றிருந்தார். திண்ணையில் விட்டுவைத்த மீதிப் பதிலை இருவருக்குமாகச் சொன்னோம், டிராக்டர் நின்ற வளைவு முதல் பிள்ளையின் மணிக்கட்டு வரை.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தச் சகோதரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டார்ச்சை வாங்கி அடியில் அடித்துப் பார்த்தார். "இந்த நட்டுக்கு எத்தனையாம் நம்பர் ஸ்பேனர் தம்பி?" என்று மகனைக் கேட்டார். "பன்னிரண்டு வாப்பா. ஆனா நாம கழற்ற வேணாம், மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன். அவர் கழற்றும்போது கூட இருந்து பார்ப்போம்" என்றான் அவன்.